சிவப்பு அட்டைக்காரியின் வெண்கலக் காசுகள்

என் தங்கையின் அடையாள அட்டை நீல நிறம். என்னுடையது சிவப்பு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். நீலம் இந்த நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. சிவப்பு, இங்கே தங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி பெற்றவர்களுக்கு. நான் எங்கிருந்தும் வந்து தங்கியவள் இல்லை. மலேசியாவில் பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வீட்டிலேயே பிறந்தேன். பிறப்பைப் பதிய அப்பா டவுனுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். நான்கு வருடம் கழித்துத் தங்கை பிறக்கும்போது அம்மாவுக்குச் சிக்கலாகிவிட்டது. தோட்டத்து லோரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நர்ஸ், மிஸ்ஸி என்போம், தானே பிறப்புப் பதிவுப் பாரத்தை எழுதி அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டாளாம். தங்கைக்குப் பிறப்புப் பத்திரம் வந்தது அப்படித்தான்.

பன்னிரண்டு வயதில் பள்ளியில் எல்லோரும் அடையாள அட்டை எடுத்தார்கள். எனக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அப்பா அம்மாவைப் போலச் சிவப்பில் வந்தது. அதை வாங்கி வந்த அன்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு லீவு போட்டுட்டு எனக்காகப் போயிருக்கலாம்ல?"

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு நானும் அவரோடு முகம் கொடுத்துப் பேசியது குறைவு. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது அப்பா இறந்தார். அப்போதும் என் மனசு இளகவில்லை.

சிவப்பு அட்டையோடு வாழ முடியாது என்றெல்லாம் இல்லை. வேலை பார்க்கலாம், வாடகைக்கு வீடு எடுக்கலாம். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் அடுக்குமாடியில் எல்லோரும் விரலில் மையோடு திரும்பி வருவார்கள். நான் அன்று துணி துவைப்பேன். ஒரு முறை செராஸிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா கிளம்பும்போது, "ஐசி என்ன கலரு?" என்று என் அடையாள அட்டையைப் பற்றி அம்மாவிடம் தனியாகக் கேட்டாள். பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. அதன் பின் நானும் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன்.

தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. கிள்ளானிலிருந்து காலையில் கொமுட்டர் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கும் இடம். முன்மேசையில் அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் அடுக்கியிருக்கும். சாவி ஒப்படைக்கப் போகிற சாக்கில் நான் அவற்றின் மேலட்டைகளைப் பார்ப்பேன். சிங்கம், கழுகு, பூ, வாள், யாழ். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சின்னம், தங்க நிறத்தில். தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். தொட்டதில்லை.

ஆட்கள் கிளம்பிப் போன அறைகளில் சில்லறை கிடக்கும். அவர்கள் ஊர்ச் சில்லறை. இங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்று மேசையில் விட்டுவிட்டுப் போவார்கள். முதலில் அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் தட்டி உருண்டு வந்தது அந்தக் காசு. உள்ளங்கைக் குழியை மறைக்கிற அளவு, பழுப்பு நிறம், நல்ல கனம். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் ஒரு கங்காரு, பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த அறையில் இருந்த ஆஸ்திரேலியக் கிழவர் விடியற்காலையிலேயே விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தார்.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காணாமல்போன பொருள்களின் புத்தகத்தில் எழுதி ஒரு கவரில் போட்டு வைத்தார்.

"மூணு மாசம் பாப்போம் அக்கா. யாரும் கேக்கலன்னா நீங்களே வெச்சிக்குங்க. இது இப்ப செல்லாத காசுலா."

அந்த மூன்று மாதமும் அந்தக் கவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கையில் வாங்கியதும் ரயிலில் வீடு வரும்வரை மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தேன். வெண்கலம் சீக்கிரம் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஒரு நாடு தன்னுடைய மிருகத்தை, மதிப்பு குறைந்த காசில், ஏழைக் கைக்கும் எட்டுகிற காசில் பொறித்து வைத்திருக்கிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் நாட்டுக் காசில் என்ன இருந்தது என்று யோசித்தேன். அம்மாவின் தையல் டப்பாவில், பொத்தான்களுக்கு நடுவே, பழைய ஒரு சென் காசு ஒன்று கிடந்தது. நாடாளுமன்றக் கட்டடம், அதன் மேல் பிறையும் நட்சத்திரமும். நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று எண்ணப் பார்த்தேன். தேய்ந்துபோயிருந்ததால் எண்ண முடியவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு அப்போது நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு சீன அங்கிள் மடக்கு மேசை போட்டு, பிஸ்கட் டின்களில் காசுகளைக் கொட்டி வைத்திருப்பார். மலாயும் அரைகுறைத் தமிழும் பேசுவார். என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அந்த வயதில் என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

"தங்கச்சி, வெள்ளி வேணாமா? எல்லாரும் வெள்ளிதான் கேக்குறாங்க."

"வேணாம் அங்கிள். செம்பு கலந்த இந்தப் பழுப்புக் காசுதான் வேணும். நாட்டுச் சின்னம் இருக்கணும். ராஜா தலை மட்டும் இருந்தா வேணாம்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு டின்னை என் பக்கம் தள்ளுவார். நின்றபடியே ஒரு மணி நேரம் துழாவுவேன். ஆண்டுக்கு ஐந்தாறு காசுக்கு மேல் வாங்கியதில்லை. இரண்டு கிரிஸ் கத்திகள் குறுக்கே நிற்கும் ஒரு சென், நாடு மலேசியா ஆவதற்குச் சற்று முன்னால் அடித்தது. பனைமரம் நிற்கும் இலங்கைச் சதம். மரக்கிளையில் குருவி உட்கார்ந்திருக்கும் நியூசிலாந்துப் பென்னி. ஒரு பக்கம் மூன்று தலைச் சிங்கமும் மறுபக்கம் குதிரையும் உள்ள இந்தியப் பைசா. அதை வாங்கிய அன்று அம்மாவிடம் காட்டினேன். "நம்ம பாட்டன் பூட்டன் ஊருக் காசா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி போடாமலே தடவிப் பார்த்தாள். அவளும் அந்த ஊரைப் பார்த்தவள் இல்லை.

கிரிஸ் காசை ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. பெருமையாகக் கொண்டுபோய் அங்கிளிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி! நீ அத கொன்னுட்ட லா!"

அந்தப் பழுப்பு வருவதற்கு எத்தனையோ வருடம் ஆகுமாம். நான் ஐந்து நிமிடத்தில் உரித்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் காசையும் துடைத்ததில்லை.

ஏன் இதைச் சேர்க்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. தங்கைதான் ஒரு நாள் வெளிப்படையாகச் சொன்னாள்: "ஒனக்கு ஒரு நாடும் சேர்த்துக்கலன்னு நீ எல்லா நாட்டையும் சேர்த்து வெச்சிருக்க." கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது.

தங்கை படித்து மிஸ்ஸியானாள். கிள்ளானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு அயர்லாந்துக்குப் போனாள். வழியனுப்பப் போனபோது அவளுடைய பாஸ்போர்ட்டைக் கொஞ்ச நேரம் என்னிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டை நான் கையில் பிடித்தது அதுதான் முதல் முறை. இரண்டு புலிகள் நிற்கும் சின்னம். "கொஞ்சம் வெச்சிக்கக்கா" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் முறை லீவில் வந்தபோது எனக்கென்று டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஒரு காசு கொண்டுவந்தாள். அவள் மாமியாரின் அலமாரியில் கிடந்ததாம். பெரிய வெண்கலப் பென்னி. ஒரு பக்கம் தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும். மறுபக்கம் யாழ்.

"அங்க எல்லாத்துலயும் இந்த யாழ்தான் அக்கா. கவர்மென்ட்டு லெட்டர்ல, பாஸ்போர்ட்டுல, எல்லாத்துலயும். ஒரு வாத்தியத்தப் போய் நாட்டுக்குச் சின்னமா வெச்சிருக்காங்க பாரேன்."

நான் யாழை விட்டுவிட்டுக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குஞ்சு தாயின் முதுகுப்பக்கம் ஒண்டி நின்றது. எங்கள் லயத்து வாசலில் அம்மா வளர்த்த கோழிகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து, கண் கலங்கச் சிரித்தோம். அம்மா அப்போது இல்லை. முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தாள்.

நாற்பது வயதில் தங்கை உண்டானாள். ஆறாம் மாதத்தில் போன் செய்தாள்.

"அக்கா, நீ வந்திரேன். அம்மா இருந்திருந்தா அம்மாவக் கூப்பிட்டிருப்பேன். இங்க பத்தியம் போட ஆளே இல்ல."

"எப்பிடிம்மா வருவேன்? எங்கிட்ட என்ன இருக்கு?"

"சிவப்பு ஐசிக்கும் ஒரு பயணப் பேப்பர் குடுப்பாங்களாம்ல?"

விசாரித்தேன். பேப்பர் கிடைக்கலாம், ஆனால் அதற்கு அந்த நாடு விசா கொடுக்க வேண்டும், அதற்கு இன்னும் பல பேப்பர் வேண்டும். ஒன்று மாற்றி ஒன்று கேட்டு அலைவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். கிள்ளான் கடைத்தெருவில் பிரசவ மருந்துச் சாமான் வாங்கி, வறுத்து இடித்து, பார்சலில் அனுப்பினேன். தினமும் போனில் சொல்லிக் கொடுத்தேன்: தலைக்கு எப்போது ஊற்றவேண்டும், பூண்டை எப்படி வதக்கவேண்டும், வயிற்றை எப்படிக் கட்டவேண்டும். அவள் மிஸ்ஸி, அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டுக்கொண்டாள். ஒரு நாள் போனை அழும் குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு, "பெரியம்மா பேசுறாங்க பாரு" என்றாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. நான் இங்கே ஹோட்டல் மாடியில், மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று, பார்க்காத அந்தப் பிள்ளைக்குத் தாலாட்டுச் சொன்னேன்.

அந்த வருடம்தான் நீல அட்டைக்கு முதல் முறையாக விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. சில வருடம் கழித்து இன்னொரு முறை. அதுவும் இல்லை. மூன்றாம் முறை உதவி செய்த ஒரு வக்கீல் அம்மா சொன்னார்: "ஒங்க பொறப்ப நேர்ல பாத்தவங்க யாராச்சும் உயிரோட இருந்தா, ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்க."

யார் இருப்பார்கள்? மருத்துவம் பார்த்த கிழவி போய்ப் பல வருடம் ஆயிற்று. அம்மாவோடு தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய ஒரு அத்தை, சொந்த அத்தை இல்லை, லயத்தில் பக்கத்து வீடு, பந்திங்கில் மகள் வீட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டம் இருந்த இடம் எதுவென்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தைக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. காது மந்தம். மகள் அவர் காதருகே குனிந்து நான் யார் என்று சொன்னாள். அத்தை என் கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்தார்.

"நீ பொறந்தப்ப வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னவ நாந்தான். ஒங்கம்மா என் கையக் கடிச்சி வெச்சிட்டா."

"அத எழுதிக் குடுப்பீங்களா அத்தை? நான் இங்கதான் பொறந்தேன்னு?"

"ஏன் எழுத மாட்டேன்? கைநாட்டு வெக்கிறேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஒங்கப்பன்தான் பதியப் போனானே. அப்பவே குடுக்கலியா?"

"அப்பா போகவே இல்ல அத்தை."

"யாரு சொன்னா? ரெண்டு தடவ போனான். என் புருஷன் சைக்கிளத்தான் எரவல் வாங்கிட்டுப் போனான். அங்க பாரத்தக் கையில குடுத்திட்டாங்க. எழுதத் தெரியாது. சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க. யாரையும் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, சட்டப்பையில மடிச்சி வெச்சிக்கிட்டு வந்திட்டான். மறுபடி ஒரு தடவ போனான். அப்பவும் அதே கதைதான். தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணிகிட்டக் கேளுன்னு என் புருஷன் சொன்னாரு. கிராணி எல்லார் முன்னாலயும் கேலி பண்ணுவாருன்னு கேக்கல. நாளாச்சு, நாளாச்சுன்னு விட்டுட்டான்."

 அத்தையின் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நான் கேட்ட கேள்விக்கு அப்பா வாய் திறக்காததன் காரணம் இதுதான். பெற்ற மகள் நான் அப்போது நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவள்; என் முன்னால் எப்படிச் சொல்லுவார், எனக்கு எழுதத் தெரியாது, அதனால் திரும்பி வந்துவிட்டேன் என்று? தங்கைக்கு மிஸ்ஸி எழுதிக் கொடுத்த அன்று அவர் எவ்வளவு நிம்மதிப்பட்டிருப்பார், என்னை நினைத்து எவ்வளவு குன்றிப்போயிருப்பார் என்பதையெல்லாம் திரும்பி வரும் பஸ்ஸில்தான் யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் தன் பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அப்பா செத்தபோது நான் அழாத அழுகை, கிள்ளான் பஸ் ஸ்டாண்டு வரும்வரை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்து சொன்னேன்.  அவள், "பாவம் அக்கா அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அத்தை கைநாட்டு வைத்த காகிதத்தையும் சேர்த்து விண்ணப்பம் போனது. ஒன்றரை வருடம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரில் இருந்தவர் என் வயதையொத்த மலாய்ப் பெண்மணி. கொடியில் எத்தனை கோடு, நட்சத்திரத்துக்கு எத்தனை முனை, பிறை எதைக் குறிக்கிறது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். தேசிய மலர், ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு, அதுவும் சொன்னேன். பொழுதுபோக்கு என்ன என்றார். பழைய காசு என்றேன். எந்த மாதிரிக் காசு என்று கேட்டார். கிரிஸ் பொறித்ததும், அதற்குப் பின்னால் நாடாளுமன்றம் பொறித்ததும் இருக்கிறது என்று சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பா அந்த ஒரு சென்ன எனக்குத் தோடு வாங்க உண்டியல்ல போட்டு வெச்சாரு. தோடும் வாங்கல, காசும் எங்க போச்சுன்னு தெரியல" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் முடிவு சொல்லவில்லை. அது அவர் கையில் இல்லை. ஆனாலும் அன்று ரயிலில் வரும்போது என் மனது லேசாக இருந்தது.

கடிதம் வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது. கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். என்னோடு வரிசையில் நின்றவர்களில் ஒரு சீனக் கிழவி இருந்தார், சக்கர நாற்காலியில். உறுதிமொழியை அவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். நீல அட்டை கைக்கு வந்ததும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தங்கையை வீடியோவில் கூப்பிட்டேன். அட்டையைத் திரையருகே பிடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். அந்த அழுகையில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை; நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கோவப்படாம கேளு. நான் இங்க குடியுரிமை எடுத்திட்டேன்."

"எடுத்தா நல்லதுதானே?"

"நம்ம ஊருல ரெண்டு வெச்சிக்க முடியாதுக்கா. ஐசி, பாஸ்போர்ட்டு ரெண்டையும் திருப்பிக் குடுத்திட்டேன். ஒனக்கு லெட்டர் வர்றதுக்கு முன்னாலயே எழுதிப் போட்டது. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

வடிதட்டு கையிலிருந்து நழுவிச் சோறு தொட்டியில் கொட்டியது.

"நான் அம்பத்தஞ்சு வருஷமா வெளிய நின்னேன். நீ உள்ளயே பொறந்தவ. அதத் தூக்கிக் குடுத்திட்டியா?"

"ஒவ்வொரு ஏர்போர்ட்லயும் என் புள்ள ஒரு வரிசையில, நான் ஒரு வரிசையில நிக்கிறேன்க்கா. அவ திரும்பித் திரும்பிப் பாக்குறா. எத்தன வருஷம் அப்பிடி நிக்க? ஒனக்குத் தெரியாதா அது?"

எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை வைத்துவிட்டேன். ஆறு வாரம் அவளைக் கூப்பிடவில்லை. அவள் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் போடவில்லை. அந்த ஆறு வாரம் காசுகளையும் எடுத்துப் பார்க்கவில்லை. சந்தைக்குப் போகவில்லை. கோபம் அவள்மேல்தானா என்று எனக்கே நிச்சயமில்லை. நான் நுழைந்த வாசல் வழியாகவே அவள் வெளியே போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரே நாட்டுக்காரிகளாக நாங்கள் சேர்ந்து நின்ற நாள் என்று எண்ணிப் பார்த்தால் சில வாரம்கூடத் தேறாது. அதையும் நான் அறியாமலே கடந்துவிட்டேன்.

கடைசியில் அவளுடைய பெண்தான் கூப்பிட்டாள். பதினோரு வயது. கொச்சைத் தமிழில், "பெரிம்மா, அம்மா அழறாங்க. நீங்க பேசுங்க" என்றாள். பேசினேன்.

போன டிசம்பரில் இருவரும் வந்தார்கள். விமான நிலையத்தில் காத்து நின்றேன். வெளிநாட்டுக்காரர் வரிசையில் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே தங்கை வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கிள்ளான் வீட்டில் மூன்று வாரம் இருந்தார்கள். ஒரே கட்டிலில் மூவரும் படுத்தோம். தங்கை மகள் என் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டாள். கோழிக் காசைக் கண்டதும், "எங்க பாட்டி வீட்லயும் இதே மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். அவளுக்கு மலேசியக் காசு எதையாவது கொடுக்க நினைத்தேன். புளி போட்டுக் கெடுத்த அந்தக் கிரிஸ் காசையே அவள் கேட்டாள், அதுதான் மினுங்குகிறதாம். கொடுத்துவிட்டேன்.

கிளம்புகிற காலையில் தெருவோர ஒட்டுக்கடையில் தோசை சாப்பிட்டோம். கடைக்கார அக்கா தங்கையின் சட்டையையும் பிள்ளையின் நிறத்தையும் பார்த்துவிட்டு, "வெளியூரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, கிள்ளான்தான்" என்றாள் தங்கை, சட்டென்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டிச் சாம்பார் ஊற்றினேன்.

விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே நிறப் பாஸ்போர்ட்டை நீட்டி, சேர்ந்தே உள்ளே போனார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தது என்னைத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இருவரும் மறையும்வரை கையாட்டினேன்.

இப்போது என்னிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. வெற்றுப் பக்கங்கள். ஜூன் மாதத்தில் மூன்று வாரம் லீவு தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்; தங்கையிடம் போக டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தினமும் காலையில் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்ததும் போனில் அவள் ஊர் வானிலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இன்று ஒன்பது டிகிரி, தூறல். "குடை எடுத்துக்க" என்று செய்தி அனுப்பினேன். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்ததும் பார்ப்பாள்.